அம்மாவுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகளில் ஒருவர் தன்னை இரண்டாம்பட்சமாக உணரத் தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

மகனுக்கு மூன்று வயது. இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. தாய்வீட்டுக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போவதா, மாமியாரிடம் விட்டுச் செல்வதா? "பாப்பா வந்துட்டா உன்னை யாருடா கொஞ்சுவா?" என்று சொந்தக்காரர்கள் இப்போதே சீண்டுகிறார்கள். அவன் என் வயிற்றில் குத்துகிறான்.
– வாசகி, கும்பகோணம்

முடிந்தால் கூட்டிப் போங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது முடிவில்லாத காலம். அம்மா போனாள், திரும்பும்போது கையில் வேறொரு குழந்தை இருந்தது என்றால், தனக்குப் பதிலாக அது வந்திருக்கிறது என்றுதான் அவன் கணக்குப் போடுவான். விட்டுச் செல்வதைத் தவிர வழியில்லை என்றால், சொல்லாமல் தூங்கும்போது கிளம்பிவிடாதீர்கள். எங்கே போகிறீர்கள், யார் அவனைக் குளிப்பாட்டுவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் பேசுங்கள். ஒருநாள் காலையிலும் மறுநாள் இரவிலும் பேசினால் அவன் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பான்.

கையில் இருக்கும் இரண்டரை மாதத்தில் மாற்றங்களை வரிசைப்படுத்துங்கள். உங்களை விட்டுத் தள்ளிப் படுக்கப் பழக்குவதாக இருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள். ப்ளே ஸ்கூலில் சேர்ப்பதும் அப்படியே. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போகத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். குழந்தை பிறந்த வாரத்தில் படுக்கையும் மாறி, பள்ளியும் தொடங்கினால், இரண்டு வெளியேற்றத்துக்கும் பாப்பாதான் காரணம் என்று அவன் மனதில் பதியும்.

குழந்தை பிறந்த பிறகு அவன் முதன்முதலில் அறைக்குள் நுழையும்போது உங்கள் கை காலியாக இருக்கட்டும். குழந்தை தொட்டிலிலோ உங்கள் அம்மா மடியிலோ இருக்கலாம். முதலில் அவனை அணைத்துக்கொள்ளுங்கள். அவனாகக் கேட்ட பிறகு பாப்பாவைக் காட்டினால் போதும். சிசேரியன் என்றால் பல வாரங்களுக்கு அவனைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்வார். அப்போது "பாப்பா இருக்குல்ல, தூக்க முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். "அம்மா வயித்துல புண் ஆறணும், நீ ஏறி என் பக்கத்துல உக்காரு" என்று சொல்லி, ஏறி உட்கார ஒரு முக்காலி போட்டு வையுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். மூத்தவன் தண்ணீரைக் கொட்டுவதும், கதவை அறைவதும், பாத்ரூம் வருகிறது என்று கத்துவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நீங்கள் எழுந்து வர முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பால் கொடுக்கும்போது மட்டும் வெளியே வரும் ஒரு கூடையைத் தயார் செய்யுங்கள்: இரண்டு படப் புத்தகங்கள், ஸ்டிக்கர், ஒரு சின்ன டப்பாவில் பொரியோ உலர்ந்த திராட்சையோ. வாரம் ஒருமுறை பொருட்களை மாற்றுங்கள். உட்காரும் முன் அவனை ஒருமுறை பாத்ரூம் கூட்டிப் போய்விடுங்கள். பாதித் தொல்லை குறைந்துவிடும்.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்பலாம், விரல் சூப்பலாம், தனக்கும் பாட்டில் வேண்டும் என்று கேட்கலாம். "பெரிய பையன், வெக்கமா இல்ல?" என்றால் அந்தப் பழக்கம் நீளும். கேட்டால் சில நாள் பாட்டிலில் கொடுங்கள். நான்காம் நாள் அவனே சலித்துத் தள்ளிவிடுவான். சில வாரங்களில் இதெல்லாம் அடங்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடங்காத தாகம், எடை குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் அதைப் பொறாமை என்று விட்டுவிடாமல் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் இதே போலத்தான் தொடங்கும்.

பாப்பாவை அடித்தால்? கையைப் பிடித்து விலக்கி, "அடிக்க விடமாட்டேன். கோபம் வந்தா என்கிட்ட வா" என்று ஒரு வரி மட்டும். பிறகு கவனம் முழுவதும் பாப்பா மேல் போகட்டும். பத்து நிமிடம் திட்டினால், அடித்தால் அம்மா பத்து நிமிடம் தன்னோடு இருப்பாள் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். இருவரையும் தனியாக ஒரே அறையில், ஐந்து நிமிடம் கூட, விட்டுப் போக வேண்டாம். இந்த வயதில் முத்தம் எப்போது கிள்ளலாக மாறும் என்று அவனுக்கே தெரியாது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1982-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்த குழந்தையை ஒரு மனுஷியாக, மனுஷனாக வைத்து, அதற்கு என்ன வேண்டும், என்ன பிடிக்கும் என்று மூத்த பிள்ளையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில், பின்னாளில் இருவருக்கும் இடையே நட்பு கூடுதலாக இருந்தது. "பாப்பா ஏன் அழுவுது, உனக்கு என்ன தோணுது?" என்று அவனிடம் ஆலோசனை கேளுங்கள். "பசிக்குது" என்று அவன் சொல்லி, அது சரியாகவும் இருந்தால், அவன் முகத்தைப் பாருங்கள்.

சீண்டும் சொந்தக்காரர்களுக்கு அவன் காதுபடவே பதில் சொல்ல வேண்டும். "அவன கொஞ்சறதுக்கு நான் இருக்கேன் அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். "பாப்பாவை நான் தூக்கிட்டுப் போயிடவா?" என்ற விளையாட்டையும் தடுத்துவிடுங்கள். பாதிப் பிள்ளைகள் "கூட்டிட்டுப் போ" என்று சொல்லி, பிறகு அதற்காகப் பயந்து தூங்காமல் கிடப்பார்கள். புண்ணியதானத்துக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே போனில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: வாசலில் நுழைந்ததும் முதலில் பெரியவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், தொட்டிலுக்கு அவன்தான் கூட்டிப் போவான் என்று.

மகளுக்கு 14, மகனுக்கு 11. மாமியார் பேரனுக்கு இரண்டு முட்டை, பேத்திக்கு ஒன்று வைக்கிறார். மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்கு, வால் அவளுக்கு. பாத்திரம் தேய்ப்பதும் அவள்தான். "அப்பத்தாவுக்கு நான் வேண்டாதவ" என்கிறாள். நான் கேட்டால் சண்டையாகிறது.
– வாசகி, விருதுநகர்

உங்கள் மகள் சொல்வது தவறில்லை. தட்டில் விழுவதைத்தான் அவள் பார்க்கிறாள்.

உடம்பின் தேவையைப் பார்த்தாலும் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரையின்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். 10 முதல் 12 வயதுப் பையனுக்கு 16 மில்லிகிராம். மாதவிடாயில் போகும் ரத்தத்தை ஈடுகட்ட வேண்டியவள் அவள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று எதைக் கொடுத்தாலும் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

மாமியாரிடம் நீங்கள் கேட்க வேண்டாம். அவர் பிள்ளை கேட்கட்டும். உங்கள் கணவர், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேச வேண்டும்: "அம்மா, ரெண்டு பேருக்கும் முட்டை ஒரே மாதிரி வைங்க. அவளுக்கு ரத்தம் கம்மியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க." முட்டை, மீன், பாத்திரம், போன வருஷத் தீபாவளித் துணி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் அது மருமகள் சொல்லிக்கொடுத்த புகாராகிவிடும். அதுவரை, பரிமாறுவதைக் கொஞ்சம் மாற்றுங்கள். குழம்புச்சட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோகாமல் அடுக்களையிலேயே தட்டில் போட்டுக் கொண்டுவாருங்கள். நடுத்துண்டு ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் அவனுக்கு.

வேலை விஷயத்தில் 11 வயதுப் பையன் தன் தட்டைக் கழுவலாம், தண்ணீர் பிடிக்கலாம், துணி மடிக்கலாம், வெங்காயம் உரிக்கலாம். நான்கைந்து வேலைகளை ஒரு தாளில் எழுதி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவருக்கும் இடம் மாற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் வேலை கட்டாயம் சுற்றில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அவனுக்குக் கடைக்குப் போகும் வேலையை மட்டும் கொடுத்தால் அவனுக்குக் கிடைப்பது சைக்கிள் சவாரி. இது எங்கே உடையும் என்றும் சொல்லிவிடுகிறோம்: அப்பா தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் மூன்றாம் நாள் பையனும் எழுந்துவிடுவான்.

மூத்தவனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். இளையவளுக்கு ஆறு. தெரபி, ஸ்கூல் என்று என் நாள் முழுக்க அவனோடு போகிறது. அவள் தொந்தரவே தராத சமத்து. போன வாரம் "எனக்கும் ஆட்டிசம் வருமா, அப்ப என்கூட இருப்பியா?" என்று கேட்டாள்.
– வாசகி, சென்னை

தொந்தரவே தராத பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்து, தன் தேவைகளைக் கேட்காமலே இருக்கப் பழகியிருக்கலாம் அவள்.

அவள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் மனதில் மூன்று சந்தேகங்கள் இருக்கும்: இது என்னால் வந்ததா, எனக்கும் வருமா, நான் கேட்டால் எனக்குக் கிடைக்குமா. ஆறு வயதுக்கு இந்த அளவு போதும்: "அண்ணனோட மூளை சத்தம், வெளிச்சம் எல்லாத்தையும் வேற மாதிரி எடுத்துக்குது. அவன் பொறக்கும்போதே அப்படித்தான். நீ எதுவும் பண்ணல, அது ஒட்டிக்காது. உன்கூட இருக்கறதுக்கு உனக்கு எதுவும் வர வேண்டாம்." எட்டு, பத்து, பன்னிரண்டு வயதில் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஒருமுறை சொல்லிவிட்டோம் என்று விடக் கூடாது.

அடுத்தது அவளுக்கான நேரம். அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970-களில் உருவாக்கிய பெற்றோர் – பிள்ளைப் பயிற்சி முறையில் வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஐந்துதான். ஆனால் அதற்கு விதிகள் உண்டு. விளையாட்டை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். களிமண், பிளாக்ஸ், சொப்புச் சாமான், கலர் பென்சில் போன்றவை நல்லது, மொபைலும் தோற்றுப்போகும் விளையாட்டுகளும் வேண்டாம். நீங்கள் ஆணையிடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவள் செய்வதை வாயால் சொல்லுங்கள் ("வீட்டுக்குப் பச்சைக் கலர்ல கூரை போடறே"), அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், அவள் செய்வதைப் போலவே நீங்களும் செய்யுங்கள், நன்றாக இருப்பதை இன்னதென்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். முதல் வாரம் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். "இது என்ன நிறம்?" என்று வாய் தானாக வரும். ஐந்து நிமிடம் பாடமாகிவிட்டால் பயன் போய்விடும்.

அன்றைக்கு அவள் சேட்டை செய்திருந்தாலும் இந்த நேரத்தைப் பறிக்கக் கூடாது. நடுவில் மூத்தவன் அழுது நீங்கள் எழ வேண்டிவந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விடாமல், "சாப்பிட்டதும் மீதி மூணு நிமிஷம்" என்று சொல்லி, அதைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள்.

அவன் அவள் நோட்டைக் கிழித்தால், "அவனுக்குத் தெரியாதுல்ல, நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்று முடிக்காதீர்கள். அவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. "கஷ்டப்பட்டு வரைஞ்சது கிழிஞ்சுபோச்சு, கோபம் வரத்தான் செய்யும்" என்று சொல்லுங்கள். பூட்டும் சாவியும் உள்ள ஒரு சின்ன அலமாரி வாங்கிக் கொடுங்கள். சாவி அவளிடம் இருக்கட்டும். தெரபி சென்டர் பெஞ்சில் வாரத்தில் பல மணி நேரம் அவளை உட்காரவைக்காமல், இரண்டு நாளாவது அப்பாவோடோ தாத்தா பாட்டியோடோ விடுங்கள். அவள் ஆண்டு விழாவுக்கு ஒருவராவது போயாக வேண்டும். அந்தத் தேதி தெரிந்த அன்றே தெரபி அப்பாயின்மென்டை மாற்றிவிடுங்கள்.

"எங்களுக்கு அப்புறம் அவனுக்கு நீதான்" என்று அவள் காதில் இப்போது விழவே கூடாது. அதை நீங்கள் சட்டப்படி ஏற்பாடு செய்யலாம். நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999-ன் கீழ், ஆட்டிசம் உள்ளவருக்கு 18 வயதான பிறகு சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் இது பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இரட்டைப் பையன்கள், ஐந்து வயது. எதை வாங்கினாலும் அளந்து பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் இரண்டாகவே வாங்கி ஓய்ந்துவிட்டோம்.
– வாசகர், ஈரோடு

இரண்டாக வாங்குவதை நிறுத்துங்கள். ஒரே மாதிரி கொடுக்கக் கொடுக்க, அளக்கும் பழக்கம்தான் வளரும். யாருக்குச் செருப்பு அறுந்ததோ அவனுக்கு மட்டும் வாங்குங்கள், காரணத்தை இருவர் முன்னாலும் சொல்லுங்கள். அமாண்டா கோவால், லாரி கிராமர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் உடன்பிறந்தாரிடம் வேறுபாடாக நடந்துகொண்டதைச் சொன்ன பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை அநியாயம் என்று கருதவில்லை. வயது, தேவை என்று அதற்கு ஒரு காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தின்பண்டத்துக்கு மட்டும் ஒரு முறை: ஒருவன் பங்கு பிரிக்கட்டும், மற்றவன் முதலில் எடுக்கட்டும்; அடுத்த நாள் மாறும். பிறந்தநாளுக்கு கேக் ஒன்று போதும். பாட்டை மட்டும் இரண்டு முறை, தனித்தனிப் பெயர் சொல்லிப் பாடுங்கள்.

பெரியவள் வெள்ளை, சின்னவள் கருப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள். பத்து வயதுப் பெண் ஃபேர்னஸ் க்ரீம் கேட்கிறாள்.
– வாசகி, திருநெல்வேலி

முதலில் வீட்டுக்குள் பாருங்கள். கடலைமாவும் பயத்தமாவும் அவளுக்கு மட்டும் பூசுகிறீர்களா? துணிக்கடையில் "இந்தக் கலர் உனக்கு எடுக்காது" என்று யார் சொல்கிறார்கள்? போட்டோவில் யார் ஓரத்தில் நிற்கிறாள்? விருந்தினர் வாயை அடைப்பதற்கு முன் இவற்றைச் சரிசெய்ய முடியும். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாட்டி ஆறுதலாகச் சொல்வதும் அவளுக்கு வலிக்கும் என்பதைப் பாட்டிக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

க்ரீம் வாங்கித் தர வேண்டாம். கடைகளில் கைமாறும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கிறது. ஸ்டீராய்டை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். நிறம் மெலனின் என்ற நிறமியின் அளவைப் பொறுத்தது. அது அப்பா, அம்மா இருவரின் மரபணுக்களும் எப்படிக் கலந்தன என்பதால் அமைவது. நீங்கள் கர்ப்பத்தில் குங்குமப்பூ சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் இதில் தொடர்பில்லை. இதைப் பத்து வயதுப் பெண் நன்றாகவே புரிந்துகொள்வாள்.

விருந்தினர் சொன்னால் அவள் எதிரிலேயே, சண்டையில்லாமல், ஒரு வரி: "எங்க வீட்ல நிறத்தைப் பத்திப் பேசறதில்ல சித்தி." பிறகு பேச்சை மாற்றுங்கள். அவர்கள் போன பிறகு அறைக்குள் வைத்துச் சமாதானம் சொல்வதை விட, அந்த ஒரு வரியை எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னதுதான் அவளுக்கு நினைவிருக்கும்.

எனக்கு 68 வயது. மூன்று பிள்ளைகள். மகளுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்தேன். பெரியவனை இன்ஜினீயரிங் படிக்கவைத்தேன். சின்னவன்தான் எங்களைப் பார்த்துக்கொள்கிறான். நான் கட்டிய வீட்டை அவனுக்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்பா கொடுத்துவிட்டுப் போன பூர்வீக நஞ்சையும் இருக்கிறது. மற்ற இருவரும் மனம் விட்டுப்போவார்களோ?
– வாசகர், தஞ்சாவூர்

வீட்டையும் நஞ்சையையும் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து அப்படியில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கு அதில் சம உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு, அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. நகை போட்டுவிட்டோம் என்பதால் மகளின் பங்கு கழிந்துவிடாது. உங்கள் நஞ்சை சட்டப்படி பூர்வீகச் சொத்துதானா, உங்கள் அப்பா உயில் எழுதிக் கொடுத்ததா என்பதை மூலப்பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டைச் சின்னவனுக்கு எழுதுவதானால், தான செட்டில்மென்டா உயிலா என்று யோசியுங்கள். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். பிறகு நீங்களாக ரத்து செய்ய முடியாது. அதைத்தான் எழுதுவது என்றால், கடைசிவரை உங்களையும் மனைவியையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவன் பராமரிக்காவிட்டால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அது உதவும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறாதவர்களாக, உங்களை விட வயதில் இளையவர்களாக இருந்தால் நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது பின்னாளில் வழக்கைக் குறைக்கும்.

மனம் விட்டுப்போவது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் கார்ல் பில்லெமர், ஜில் சூட்டர் இருவரும் நடுத்தர வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், அம்மா ஒரு பிள்ளையிடம் தனியாகப் பிரியம் காட்டுகிறார் என்ற எண்ணம் இருந்த குடும்பங்களில் மனச்சோர்வும் உடன்பிறந்தாருக்குள் பிணக்கும் கூடுதலாக இருந்தன. நாற்பது, ஐம்பது வயதிலும் இது வலிக்கிறது. அதனால் நீங்கள் போன பிறகு பத்திரம் பேசட்டும் என்று விடாமல், உயிரோடு இருக்கும்போதே நீங்கள் பேசுங்கள்.

ஒரு தாளில் மூன்று பேருக்கும் இதுவரை செய்ததை எழுதுங்கள்: படிப்புச் செலவு, நகை எத்தனை பவுன், வீட்டுக் கடனுக்குக் கொடுத்தது. சின்னவன் செய்ததையும் எழுதுங்கள்: எத்தனை வருடம், எந்த ஆஸ்பத்திரி, அவன் விட்டுக்கொடுத்த வேலை வாய்ப்பு. மூவரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உட்காரவைத்து, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்லுங்கள். பெரியவனிடம் போனில் ஒரு மாதிரி, மகளிடம் நேரில் ஒரு மாதிரி சொன்னால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டுமே பொய்யாகத் தெரியும். "வீட்டை இவனுக்குக் கொடுக்கறது எங்களைப் பார்த்துக்கிட்டதுக்காக" என்று காரணத்தோடு நிறுத்துங்கள். "நீங்க ரெண்டு பேரும் எட்டிக்கூடப் பார்க்கல" என்று சேர்த்தால் அங்கேயே உடையும். மகளுக்கும் பெரியவனுக்கும் பணமதிப்பில்லாத ஏதாவது வேண்டுமா என்றும் கேளுங்கள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டி, பழைய ஊஞ்சல் பலகை என்று அவர்கள் கேட்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். மருமகன், மருமகள்களை முதல் நாள் பேச்சில் சேர்க்க வேண்டாம். பத்திரம் எழுதுவதற்கு முன் அவர்களுக்கும் ஒருமுறை நீங்களே சொல்லிவிடுங்கள்.